கசகசா சொன்ன ‘வீ’

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் செஞ்சிக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்களாம். சரித்திர வாத்தியார் சொல்லியிருக்கிறார். பதிலுக்குப் பிரெஞ்சைப் பிடிக்க எங்கள் ஊர் சார்பில் புறப்பட்டவன் ஒரே ஒருவன்தான். அவன் கசகசா. அவனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் அவன் பிரெஞ்சைப் பிடித்தானா, பிரெஞ்சு அவனைப் பிடித்ததா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன்.

அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. செஞ்சியில் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த சமணக் குடும்பத்துப் பிள்ளை. சொந்த ஊர் மேல்சித்தாமூர். சின்ன வயதில் பாண்டிச்சேரியில் மாமா வீட்டில் இருந்து மூன்று வகுப்பு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தான். பாண்டிச்சேரி கைமாறிய சமயத்தில் இவனும் செஞ்சிக்குக் கைமாறினான். வந்த சுருக்கில் பிரெஞ்சை மறந்துவிட்டு, எங்களோடு கோலி விளையாட ஆரம்பித்தான். அறுபதுகளில் நாங்கள் இரண்டு பேரும் தினம் பஸ் ஏறித் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவனுக்கு ரசாயனம் தெரியும், தமிழ் தெரியும், பரீட்சைக்கு ஆகிற அளவு இங்கிலீஷ் தெரியும். பிரெஞ்சில் ‘மெர்சி’, ‘வீ’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் பாக்கி இருந்தன. அதாவது ‘நன்றி’, ‘ஆமாம்’. வம்பை விலைக்கு வாங்க அந்த இரண்டே போதும்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஆமான்னு சொல்லிட்டேன்டா” என்றான்.

“எதுக்கு?”

“அதான் தெரியல.”

நடந்தது இதுதான். பாத்திரம் எடுக்கப் பாண்டிச்சேரிக்கு மாமா கடைக்குப் போயிருக்கிறான். அடுத்த வீட்டில் ஒரு பிரெஞ்சு மதாம். சின்ன வயதில் இவனுக்கு ஜன்னல் கம்பி வழியாக ஆரஞ்சுச் சுளை கொடுத்தவர். இவனை அடையாளம் கண்டுகொண்டு, வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மடமடவென்று பிரெஞ்சில் பேசியிருக்கிறார். இவனுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. கண் கலங்கிப் பேசுகிறவரிடம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறான். கடைசியில் அவர் குரல் மேலே ஏறி நின்றது. அது கேள்வி என்று மட்டும் தெரிந்தது. “வீ” என்றான். மதாம் அவனுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, அழுது, உள்ளே போய்விட்டார்.

“மூணு சத்தம் மட்டும் காதுலயே நிக்குதுடா. பிஜூ. அவெக் துவா. துழூர்.”

“மாமாவக் கேளேன்.”

“மாமாவுக்குக் குண்டான், கரண்டிக்குத்தான் பிரெஞ்சு தெரியும்.”

“அந்தம்மாவையே போயி கேட்டுடு.”

“சந்தோஷத்துல அழுதவங்ககிட்டப் போயி, நீங்க எதுக்கு அழுதீங்கன்னு கேக்கறதா? எனக்குப் பிரெஞ்சு தெரியும்னு நம்பிட்டாங்கடா. அவங்க அடுத்த வருஷம் கோடை லீவு முடிஞ்சதும் சீமைக்குக் கப்பல் ஏறப்போறாங்களாம், மாமா சொன்னாரு. அதுக்குள்ள நான் கத்துக்கிட்டா, என்ன கேட்டாங்கன்னு தானா தெரிஞ்சிடும்.”

யோசனையில் பிசகு இல்லை. நேரத்தில்தான் பிசகு. விடிந்ததும் கடையைப் பெருக்கி அண்டா குண்டாக்களை வெளியே அடுக்க வேண்டும். அடுக்கி முடிந்ததும் ஓடிப்போய் பஸ் பிடிக்க வேண்டும். பகலெல்லாம் கல்லூரி, அதில் பாதி நாள் லேப். வாரத்தில் இரண்டு நாள் என்.சி.சி. அணிவகுப்பு. சமண வழக்கப்படி அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். பஸ்ஸிலிருந்து குதித்து, சூரியனோடு பந்தயம் வைத்து ஓடிவந்து சாப்பிடுவான். பிறகு கடையில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களுடைய பாத்திரத்தில் உளி வைத்துப் பெயர் வெட்டித் தரவேண்டும். அதற்குப் பிறகு ரெக்கார்டு நோட்டில் படம் போட வேண்டும். பிரெஞ்சுக்கு மிச்சம் இருந்தது பல் துலக்குகிற நேரம் ஒன்றுதான். வாய் நிறைய பல்பொடி நுரையோடு படித்தால் உச்சரிப்பு சரியாக வருகிறது என்று சொன்னான்.

பழைய புத்தகக் கடையில் அட்டை போன பிரெஞ்சுப் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. இனி எந்த வேலை செய்தாலும் அதோடு பிரெஞ்சையும் சேர்த்துச் செய்வது என்று தீர்மானித்தான். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

முதல் பாடம், ‘கெஸ்க்கசே?’ இது என்ன என்று அர்த்தமாம். எதைக் கண்டாலும் விரலை நீட்டி “கெஸ்க்கசே?” என்று கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்வான். மளிகைக் கடையில் பருப்புக்காக நிற்கும்போது மூட்டை மூட்டையாகக் காட்டிக் கேட்டிருக்கிறான். கடைக்காரர் காதில் அது கசகசா என்று விழுந்தது. பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். இவன் ஏதோ ஞாபகத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாளும் அப்படியே. அவன் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏன்டா, வீட்ல இன்னா கல்யாணமா? இத்தினி கசகசாவ வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்று கேட்டார். பண்டத்தை வீணாக்காத குடும்பம். அந்த மாசம் முழுக்கக் கசகசாப் பாயசம். சாப்பிட்டுவிட்டு வீடே மத்தியானத்தில் தூங்கி வழிந்தது. கடையைத் திறக்க ஆள் இல்லை. அன்று முதல் அவன் கசகசா.

அடுத்தது பஸ். ஒரு நாள் கூட்டத்தில் நசுங்கி நின்றுகொண்டு, ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்’ என்கிற பாடத்தை உரக்க ஒப்பித்தான். “ழ சுயி, தூ ஏ...”

எதிரே தயிர்ப்பானையோடு நின்ற அம்மாள் பொங்கிவிட்டார். “யாரப் பாத்துடா தூன்ற?”

“உங்கள இல்லீங்க, பாடம். இல் ஏ, நூ சோம், வூ செத்...”

“யாருய்யா செத்தது? என் பஸ்லயா?” என்று கண்டக்டர் விசில் ஊத, டிரைவர் பிரேக் போட்டார். ஆலம்பூண்டி தாண்டி நடுரோட்டில் பஸ் நின்றது.

அது ஹிந்தி எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த காலம். பின் சீட்டு மாணவர்களில் ஒருவர் எழுந்துவந்தார். “தூன்னா ஹிந்தியில நீன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். நம்ம பஸ்ல நின்னுகிட்டு ஹிந்தி படிக்கிறியா நீ?”

“இல்லண்ணே, பிரெஞ்சு.”

“பிரெஞ்சுல தூன்னா?”

“நீண்ணே.”

“அப்ப ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

கசகசா நிஜமாகவே யோசித்தான். “அதான் எனக்கும் புரியலண்ணே” என்றான்.

வந்தவர் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று “பிரெஞ்சு ஒழிக!” என்று ஒரு குரல் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “வுடுடா. அவங்க ஏற்கனவே ஒழிஞ்சி போயிட்டாங்க.”

கடையில் நடந்ததுதான் கொஞ்சம் பயங்கரம். தளவானூரிலிருந்து கூலி வேலை செய்கிற ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம் எடுக்க வந்தார். வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குகிற குடம். “செல்வி மல்லிகான்னு அழகா வெட்டித் தா தம்பி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கசகசா ஒரு கண்ணைப் புத்தகத்திலும் ஒரு கண்ணைக் குடத்திலும் வைத்து வெட்டினான். அன்றைய பாடத்தில் ‘செல்வி’க்குப் பிரெஞ்சு ‘மத்மசேல்’. குடத்தில் முத்து முத்தாக ‘மத்மசேல் மல்லிகா’ என்று விழுந்தது. அந்தப் பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் படித்தவர்கள் இருந்தார்கள். சீர் வரிசையில் குடத்தைப் பார்த்ததும், “மத்மசேல் யாரு? பொண்ண ஏற்கனவே எவனுக்காவது பேசி வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டார்கள். பந்தி நின்றுபோயிற்று. விஷயம் கடைக்கு வந்ததும் நானும் அவனும் ஒரே சைக்கிளில் தளவானூருக்குப் பறந்தோம். பந்தலில் அத்தனை பேர் நடுவில் கசகசா கைகூப்பி நின்றான்.

“மத்மசேல்னா செல்விதாங்க. ரெண்டும் ஒண்ணுதான். பிரெஞ்சு.”

“ரெண்டும் ஒண்ணுன்னா செல்வின்னே வெட்டறதுக்கு இன்னா?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

“தனியா படிக்க நேரம் இல்லீங்க.”

குடத்தை எடுத்துப்போய் வேறு தருகிறோம் என்றோம். மணப்பெண் மணையில் உட்கார்ந்தபடியே, “வேணாம், எனக்கு இதுவே இருக்கட்டும். இந்த மாதிரி யாருகிட்டயும் இல்ல” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். பந்தி நடந்தது. எங்களுக்கும் இலை போட்டார்கள்.

இதற்கிடையில் பாடம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் என் தொடையைக் கிள்ளினான். “அவெக் துவா வந்திடிச்சிடா! உன்னோடன்னு அர்த்தம்.” இரண்டு வாரம் கழித்து, “துழூர்னா எப்பவும்.”

‘உன்னோடு. எப்போதும்.’ நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அந்தம்மாவுக்கு வயசு இன்னா இருக்கும்?” என்று கேட்டேன்.

“எழுவது இருக்கும்” என்றான். பிறகு ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினான்.

பயத்தில் இன்னும் வேகமாகப் படித்தான். பிரெஞ்சில் எந்தப் பொருளானாலும் ஆண் அல்லது பெண்ணாம். மேசை பெண். சுவர் ஆண். நாற்காலி பெண். பஸ் ஆண். இதைத் தனியே மனப்பாடம் செய்ய நேரம் ஏது? பேசுகிற தமிழிலேயே பழகிவிடுவது என்று முடிவு செய்தான். “பஸ்ஸு வந்துட்டான், ஏறு” என்பான். “இந்த ஜன்னல் சாத்தவே மாட்டேன்றா” என்பான். தமிழ்ப் பரீட்சையில் ‘நாற்காலி உடைந்தாள்’ என்று எழுதிவைத்தான். தமிழ் ஐயா அவனை எழுப்பி நிறுத்தி, “நாற்காலியை உயர்திணையில் ஏற்றிவைத்துவிட்டாயே, இனி நான் எப்படியப்பா அதன் மேல் உட்காருவேன்?” என்று வருத்தத்தோடு கேட்டார்.

கைக்கடிகாரம் பெண். இது உங்களுக்கு முக்கியம். மாமா கொடுத்த பழைய சீமைக் கடிகாரம் அவனுடையது. அது நின்றுபோய், பாண்டிச்சேரியில் மாமா கடைக்குப் பக்கத்தில் ரிப்பேருக்கு விட்டிருந்தான். ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்து என்னிடம் புலம்பினான். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்.

“அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலடா. எப்ப எழுந்துக்கறது, எப்ப சாப்புடறதுன்னே தெரியல.”

“எப்பதான் கெடைப்பா?” என்றேன். அவனோடு பழகிப் பழகி எனக்கும் அந்த வியாதி வந்திருந்தது.

“அடுத்த வாரம் போயி கூட்டிகினு வந்துடறேன். வயசானவதான். ஆனா சீமை உடம்பு, உள்ள எல்லாம் கெட்டியாத்தான் இருக்குது.”

திரைக்குப் பின்னால் ஒரு தவலை உருண்டது.

அடுத்த நாள் அவன் நைனா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடையில் யாரும் இல்லாத நேரம். அம்மா திரை ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீயாவது உள்ளத சொல்லு. யாரு அவ?”

“வாட்சுங்க ஐயா.”

“வாச்சா? இன்னா பேருடா அது? எந்த ஊருப் பொண்ணு?”

“பொண்ணு இல்லீங்க. கையில கட்டறது.”

“கட்டிட்டானா!” என்று அவர் எழுந்துவிட்டார். அம்மா அழுதேவிட்டார்.

நான் என் கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டி விளக்குவதற்குள், கசகசா என்.சி.சி. அணிவகுப்பு முடிந்து வந்து சேர்ந்தான். அம்மா அழுவதைப் பார்த்தான். என்ன கேட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. மதாம் விஷயம் வெளியாகிவிட்டது என்று நினைத்துவிட்டான். “ஆமா நைனா, வீன்னு சொல்லிட்டேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். பாண்டிச்சேரி, மதாம், முத்தம், ‘உன்னோடு’, ‘எப்போதும்’ என்று ஒன்றுவிடவில்லை. மதாமுக்கு வயது எழுபது என்பதை மட்டும் பதற்றத்தில் விட்டுவிட்டான்.

நைனா நாற்காலியில் சாய்ந்தார். “நாளையிலேருந்து காலேஜ் கெடையாது. புஸ்தகத்த எல்லாம் கட்டி பரண்ல போடு. மேல்சித்தாமூர்ல பொண்ணு பாத்துகினு இருக்கறேன், அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிடறேன்.”

சொன்னால் செய்கிறவர். மறுநாள் நான் மட்டும் தனியாகக் கல்லூரிக்குப் போனேன். பட்டப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. வகுப்பில் ரசாயனத்தில் அவன்தான் முதல். திரும்பி வந்து கடையில் பார்த்தேன். உளியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனால் பிரெஞ்சு வரவில்லை.

மூன்றாம் நாள், வேறு பொழுது போகாமல், பரணுக்குத் தப்பிய பிரெஞ்சுப் புத்தகத்தில் பன்மைப் பாடத்தை எடுத்தான். நான் போனபோது முணுமுணுத்துக்கொண்டிருந்தான். “நகை, கூழாங்கல்லு, முட்டைக்கோஸு, முழங்காலு, ஆந்தை, பொம்மை, பேனு.”

“இதுக்கெல்லாம் இன்னாடா சம்பந்தம்?”

“பன்மையில எல்லாம் ஒரே மாதிரி முடியும்” என்றவன், வாயைத் திறந்தபடி நின்றான். “டேய். நகைக்குப் பிரெஞ்சு பிஜூ.”

‘நகை. உன்னோடு. எப்போதும்.’

நைனா காதிலும் அது விழுந்தது. “அந்தப் பொண்ணு நகையோட வர்றாளாமா?” என்று கேட்டார். கோபம் இருந்த இடத்தில் குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மருமகளா, சொத்தா, மோசடியா? வெள்ளைக்காரி என்றால் சமையல் எப்படி? அம்மா ஒரு கேள்வி கேட்பார், நைனா அதற்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகச் சொல்வார். கடைசியில், நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று கசகசாவையும் இழுத்துக்கொண்டு நைனா புறப்பட்டார். சாட்சிக்கு நானும் வரவேண்டும் என்றார். சம்பந்தம் பேசப் போகிறோமா, சண்டைக்குப் போகிறோமா என்று முடிவாகாததால் வழியில் திண்டிவனத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். “ரெண்டுக்கும் ஆவும்” என்றார்.

மதாம் வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. வெள்ளை முடியும் கைத்தடியுமாக அவரே வந்து கதவைத் திறந்தார். நைனா என் காதில் கேட்டார். “இது பொண்ணோட ஆயாவா?”

“இவங்கதாங்க ஐயா.”

“எவங்க?”

“மதாம்.”

நைனா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மதாமுக்கு ஒன்றும் புரியவில்லை. கசகசாவைப் பார்த்த சந்தோஷத்தில் உள்ளே திரும்பி, “பிஜூ!” என்று குரல் கொடுத்தார்.

நகைப்பெட்டி வரும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது ஒரு நாய். வெள்ளை நிறம், சடை மயிர், ஒரு கண்ணில் புரை. மெதுவாக நடந்துவந்து கசகசாவின் செருப்பை மோந்து பார்த்தது.

கூடவே வந்த சமையல்கார அம்மாள்தான் தமிழில் விளக்கினார். வயசான பெட்டை நாய். கப்பல் பயணம் தாங்காது. கேட்டுப் பார்த்த இடத்தில் எல்லாம், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். “இந்தத் தம்பி வெச்சிக்கறேன்னு வாக்கு குடுத்த அன்னிக்குத்தான் எங்கம்மா நல்லா சாப்டாங்க. நாயி பிரெஞ்சு சொன்னாத்தான் கேக்கும். அதான், பிரெஞ்சு தெரிஞ்ச புள்ளைன்னு கேட்டாங்க. அது மட்டும் இல்ல. சின்ன வயசுல இந்தத் தம்பி தெருவுல எறும்பு சாரி போனா, நின்னு, அது போனதுக்கு அப்பறம்தான் தாண்டுமாம். எங்கம்மா ஜன்னல்லேருந்து பாப்பாங்களாம்.”

நைனா வாழைப்பழச் சீப்பைப் பக்கத்தில் வைத்தார்.

“ஊசி போடறதாவது. ஒரு உயிரு வாசல்ல வந்து நிக்கும்போது வேணாம்னு சொல்ற குடும்பம் இல்ல நாம. வெச்சிக்கறோம்னு சொல்லுடா” என்றார்.

கசகசா மதாம் முன்னால் போய் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பல் துலக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் குடம் வெட்டும்போதும் படித்த அத்தனை பிரெஞ்சையும் துழாவிக்கொண்டிருந்தான். ‘வளர்ப்பேன்’ என்பதற்கு வார்த்தை தெரியாது. ‘கவலைப்படாதீர்கள்’ தெரியாது. ஒழுங்காகப் படித்து முடித்தது ‘இருக்கிறேன், இருக்கிறாய்’ பாடம் ஒன்றைத்தான். அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

“எல் ஏ... அவெக் முவா. துழூர்.”

அவள் என்னோடு இருக்கிறாள். எப்போதும்.

மதாம் கைத்தடியை விட்டுவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

“இன்னாடா சொன்ன?” என்றார் நைனா.

“நாய வெச்சிக்கறேன்னு சொன்னேன் நைனா.”

“அவ்ளோதானா? அதுக்கு எதுக்கு அந்தம்மா இப்பிடி அழுவுது?” என்று சொல்லிக்கொண்டே அவர் தன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே கசகசா கல்லூரிக்கு வந்துவிட்டான். ஆனால் அவன் பகலில் இல்லாதபோது நாயிடம் யார் பிரெஞ்சு பேசுவது? அம்மாதான். காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் அவன் அம்மாவுக்குப் பாடம் நடத்தினான். வா என்றால் ‘வியேன்’. உட்கார் என்றால் ‘அஸ்ஸீ’. அம்மா முதலில் கேட்டது, “இதுல மரியாதையா எப்பிடிடா சொல்றது? வேற வீட்லேருந்து வந்தது, வாடி போடின்னா நல்லா இருக்காது” என்பதுதான். அதற்காக அவன் அடுத்த பாடத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. நாய் பெண். ஆனால் ‘பிஜூ’ என்ற சொல் ஆண். எது சரி என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால் தெருவில் எல்லோரும், “பிஜூ வந்துட்டான் பாரு, பால் குடிச்சிட்டாளா கேளு” என்று இரண்டையும் போட்டுப் பேசினார்கள். தயிர்க்காரி, சைக்கிள் கடைக்காரர், தாலுக்கா ஆபீஸ் பியூன் என்று கடைத்தெருவே ‘அஸ்ஸீ’ சொன்னது. ஒரே மாசத்தில் பிஜூ பொழுது சாய்வதற்கு முன்னால் தட்டுக்கு வந்து உட்காரப் பழகியது. தயிர்ச்சோறு சாப்பிட்டது. நைனா யாரும் இல்லாத நேரத்தில் அதனிடம் வியாபாரக் கஷ்டங்களைச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தமிழில்தான். அது கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மழைக்காலம் இருந்துவிட்டு, ஒரு கார்த்திகை மாசம் கடை வாசலில் தூக்கத்திலேயே போய்விட்டது. அன்று கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை.

கசகசா பட்டம் வாங்கினான். ரசாயனத்தில் நல்ல வகுப்பு. ஆனாலும் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் வேலை கிடைத்து சென்னைக்கு வந்தேன். இன்றும் செஞ்சிக்குப் போனால், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கால் தானாக அவன் கடைக்குத்தான் போகும். ஸ்டூலைத் தட்டிப் போடுவான். பேசுவான். இப்போது வேறு ஏதோ படிக்க ஆரம்பித்திருக்கிறான், நட்சத்திரங்களைப் பற்றி என்று நினைக்கிறேன். அவன் சொல்வதில் பாதி எனக்குப் புரிவதில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவனேதான் என்னை எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.